அண்ணலே விண்ணப்பித்தாலும் தள்ளுபடிதான்

மணியாச்சி சந்திப்பில் இறங்கினால் பெயர்ப்பலகையில் வாஞ்சியின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. 1911 ஜூன் 17 அன்று ஆட்சியர் ஆஷ் சுடப்பட்ட இடம். சுட்டவரிடம் கிடைத்த கடிதம் சனாதன தர்மத்தைக் காக்கக் கிளம்பியதாகச் சொன்னது. ஆங்கிலேய மன்னரை மாட்டுக்கறி தின்னும் மிலேச்சன் என்று இகழ்ந்தது. மாட்டுக்கறி தின்கிற நாமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் ரயிலுக்குக் காத்திருக்கிறோம்.

கடல் தாண்டினாலே தீட்டு என்றது அந்தத் தர்மம். இரண்டே ஆண்டில், 1913இல், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கொலம்பியாவில் அவர் என்ன எழுதினார்? முதுகலைக்குப் பண்டைய இந்திய வணிகம். 1916 மே மாதம், மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதி எப்படி உருவானது, எப்படி இயங்குகிறது என்ற கட்டுரை. உலகத்தின் முன்னால் சாதியை வைத்துப் பிளந்து காட்டினார்.

இன்று அவர் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை கேட்டால் என்ன ஆகும்? 2022இல் சமூக நீதி அமைச்சகம் விதியை மாற்றியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான திட்டம். பட்டியல் சாதி ஏன் பட்டியலில் இருக்கிறது என்று மட்டும் படிக்கக் கூடாது! அமைச்சகத்தின் பெயர் சமூக நீதி.

அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமே என்கிறார்கள். சேலத்து முத்துகிருஷ்ணன் இங்கேதான், ஜேஎன்யூவில், வரலாறு படிக்கப் போனார். 2017 மார்ச்சில் பிணமாக வந்தார். ரோகித் வெமுலாவும் இங்கேதான் படித்தார். நம் ஆய்வுக்கு வழிகாட்டியாக உட்கார்ந்திருப்பவர் யார், மதிப்பெண் போடுகிறவர் யார் என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

விதியைத் தாண்டினாலும் பணம் இருக்கிறது. அதாவது, இல்லாமல் இருக்கிறது. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில். இடம் கிடைத்த பல்கலைக்கழகம் அதற்காகக் காத்திருக்குமா? ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணமே, அந்த ஆண்டு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலியான 336 ரூபாயில், ஐம்பது நாள் கூலியைத் தின்றுவிடும். பருத்திக் காட்டிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அம்மா சேர்த்த காசு அது. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததென்று லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார் அண்ணல். நூறு ஆண்டு கழித்து நம் பிள்ளைகளைப் புறப்படும் முன்பே நிறுத்துகிறார்கள்.

நம் வீட்டிலும் ஒரு குரல் உண்டு: "சாதியைப் படிச்சு என்னப்பா ஆகப் போகுது, கம்ப்யூட்டர் படி." கம்ப்யூட்டரும் படிப்போம், அதில் சண்டை இல்லை. எதைப் படிப்பது என்று நாம் முடிவு செய்ய வேண்டும், டெல்லி அல்ல.

ஆகவே இந்த விதியை நீக்கக் கோரும் மனுவில் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரக் கல்லூரித் தோழர்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். விண்ணப்பிக்கிறவர்கள் சாதியையே ஆய்வுப் பொருளாக எழுதி அனுப்புங்கள். தள்ளுபடிக் கடிதம் வந்தால் கிழித்துப் போட வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்துப்பூர்வமாகக் காரணம் கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.