பதில் வராத முகவரி

2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையில் வாழ்வோர் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆபத்தில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. மழைக்காலம் வருமுன்பே அந்த எண்ணை அழைத்து, மறுமுனையில் ஓர் ஆள் பேசுகிறாரா என்று பார்த்துவிட வேண்டும்.

மாணவ நண்பர்களே! இந்தப் பாடம் இணையத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் கண்காணிப்புக் கேமரா ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது இணையத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. தீய நிரல் ஒன்று அதனுள் புகுந்து, எங்கோ உள்ள ஒரு மருத்துவமனையின் கணினியைத் தாக்குகிறது. கேமராவின் சொந்தக்காரருக்கு இது தெரியாது. இது வெறும் கற்பனையன்று. 2016 அக்டோபர் 21 அன்று 'மிராய்' என்னும் நிரல் இவ்வாறு பிடித்து வைத்திருந்த ஏராளமான கேமராக்களும் பிற கருவிகளும் சேர்ந்து 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கின. அதனால் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின.

தாக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது? அவர் கண்ணுக்குத் தெரிவது ஓர் எண் மட்டுமே. அதுதான் ஐ.பி. முகவரி. பழைய முறையில் இது 32 பிட்டுகள் கொண்டது. ஆகவே மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள் உண்டு. இவற்றைப் பங்கிட உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் உள்ளன. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்குரிய 'ஏப்நிக்' ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கிறது. அதன் கீழ் இந்தியாவுக்கென 'ஐரின்' என்ற பதிவகம் இயங்குகிறது. எந்த எண் எந்த வலையமைப்புக்கு உரியது என்பதைப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். முறைகேடு நடந்தால் எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரியும் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட அஞ்சல்பெட்டிக்கு 'அப்யூஸ்' என்ற பெயரை வைக்கலாம் என 1997லேயே இணைய நெறி ஆவணம் ஒன்று பரிந்துரைத்தது.

ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முகவரியைக் கவனித்து வந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். பெட்டி நிரம்பி வழியலாம். வேடிக்கையான இன்னொரு காரணமும் உண்டு. புகார் செய்பவர் தமக்கு வந்த குப்பை அஞ்சலையே சான்றாக இணைத்து அனுப்புவார். வடிகட்டும் நிரலோ புகாரையும் குப்பை என்று கருதித் தள்ளிவிடும்!

இங்கே இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை. சுற்றில் மின்னோட்டம் இல்லை என்று உடனே எழுதிவிடலாமா? கம்பி அறுந்திருந்தாலும் முள் அசையாதல்லவா? கருவி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் சுழி என்ற அளவீட்டுக்குப் பொருள் உண்டு. 'எங்களுக்குப் புகாரே வருவதில்லை' என்று ஒரு நிறுவனம் சொல்வதும் இத்தகையதே.

ஆகவேதான் ஏப்நிக் 2019 முதல் ஒரு சோதனையை நடத்துகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த முகவரிகளுக்கு ஓர் அஞ்சல் போகும். 15 நாட்களுக்குள் ஒருவர் அதைத் திறந்து உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த முகவரி செல்லாதது எனப் பதிவேட்டில் குறிக்கப்படும். ஐரோப்பியப் பதிவகம் 2018இல் வேறு வழியை ஏற்றது. ஆண்டுக்கு ஒருமுறை, முகவரி அஞ்சலை ஏற்கும் நிலையில் உள்ளதா என்பதை மட்டும் அங்கே ஒரு கருவி பார்க்கும். ஆள் பதில் தர வேண்டும் என்று 2019இல் அங்கு முன்வைக்கப்பட்ட திட்டத்துக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை.

எது சிறந்தது? ஆள் பதில் தரும் முறையே என்பது என் கருத்து. வீட்டுக் கதவில் பெட்டி தொங்குகிறது என்பது வேறு. உள்ளே கடிதத்தைப் படிக்க ஆள் இருக்கிறார் என்பது வேறு. 'உறுதி செய்தவர் புகாரையும் கவனிப்பார் என்பது என்ன நிச்சயம்? சிறு நிறுவனங்களுக்கு இது வீண் சுமையன்றோ?' என்று சிலர் கேட்கின்றனர். முதல் கேள்வி நியாயமானதே. இந்தச் சோதனை நாணயத்தை அளக்காது. இணைப்பு அறுபடவில்லை என்பதை மட்டுமே காட்டும். ஆனால் அறுந்த கம்பியைக் கண்டுபிடிக்காமல் சுற்றின் மற்றக் குறைகளை எப்படி ஆராய்வது? சுமையைப் பற்றிய வாதம் நிற்காது. ஆண்டுக்கு இரண்டு அஞ்சல்களைத் திறக்க நேரமில்லாதவர், ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இணைப்புத் தருவது எப்படிப் பொறுப்பாகும்?

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டிலுள்ள கேமராவிலும் வைஃபை பெட்டியிலும் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லே இன்னும் இருந்தால் இன்றே மாற்றுங்கள். நாளை பள்ளிக்குப் போனதும் அறிவிப்புப் பலகையில் உள்ள அவசர எண்களைப் பாருங்கள். அவை சரியானவையா என்று கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த பெருமழைக்கு முன் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாக வேண்டும்.