ட்ரை ஷூவா, ரோட் ஷூவா?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கல, மன்னிச்சுக்கோங்க மக்களே. இன்னிக்கு எழுத வந்தது அரசியல் இல்ல, பட விமர்சனம் இல்ல. ஒரு ஜோடி சைக்கிள் ஷூ பத்தி. "இதுக்கெல்லாம் ஒரு பதிவா?"ன்னு கேக்கறவங்க இங்கயே கழண்டுக்கலாம், கோச்சுக்க மாட்டேன்.

கோவாவுல 2019-ல் ஆரம்பிச்ச அயர்ன்மேன் 70.3 போட்டிய ஒரு தடவையாவது முடிச்சுடணும்னு ஆசை. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியா 21.1 கிலோமீட்டர் ஓட்டம். (அம்மா கேட்ட ஒரே கேள்வி: "இதுக்குக் காசு வேற கட்டணுமாடா?") சைக்கிளுக்கே சேமிப்பு காலி. ஷூவுக்குன்னு ஒதுக்கினது பத்தாயிரம். ஒரே ஜோடிதான் வாங்க முடியும். ட்ரையத்லான் ஷூவா, ரோட் ஷூவா?

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்த ஷூவோட அடியில க்ளீட்னு ஒரு பிளாஸ்டிக் துண்டை மூணு திருகு போட்டு மாட்டுவாங்க. அது பெடல்ல 'டக்'னு உக்காந்துக்கும். பனிச்சறுக்கு பைண்டிங் செஞ்சுட்டு இருந்த லுக் கம்பெனி 1984-ல் கொண்டுவந்த பெடல். அடுத்த வருஷமே பெர்னார்ட் ஹினால்ட் அதைப் போட்டுக்கிட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார். ட்ரை, ரோட் ரெண்டுக்குமே இதே மூணு ஓட்டைதான், இதே க்ளீட்தான். வித்தியாசம் எல்லாம் மேல்பக்கம்.

ட்ரை ஷூவுல ஒண்ணு இல்லன்னா ரெண்டு அகலமான வெல்க்ரோ பட்டை. பட்டையத் திறந்தா வெளிப்பக்கமா விழும், க்ராங்க்ல மாட்டாது. குதிகால்ல பிடிச்சு இழுக்க ஒரு வளையம். சாக்ஸ் இல்லாம ஈரக்காலோட போடுவாங்கங்கறதால உள்ள தையல் உறுத்தாது, தண்ணி வடிய ஓட்டையும் இருக்கும். (தண்ணி மட்டும்தான் வடியுதான்னு முழு அயர்ன்மேன் முடிச்சவங்களைக் கேளுங்க. சிரிப்பாங்க, பதில் வராது.) ரோட் ஷூவுல டயலோ, லேஸோ, ரெண்டு மூணு பட்டையோ இருக்கும். போட நேரம் ஆகும், ஆனா பாதம் முழுக்க சீராப் பிடிக்கும்.

"ட்ரையத்லான் பண்றவன் ட்ரை ஷூதாண்டா வாங்கணும்"னு நண்பன் ஒருத்தன் ஒரே பிடிவாதம். தன்னோட பழைய ஒத்தைப்பட்டை ஷூவையும் கொடுத்தான். நானும் அதை மாட்டிக்கிட்டு திருவான்மியூர்லேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை தவறாம ஓட்டினேன். போய்ட்டு வந்தா ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பட்டைய இறுக்கினா கோவளம் தாண்டறதுக்குள்ள விரல் மரத்துப் போயிடும். தளர்த்தினா ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் மேல எழும்பும். அஞ்சாவது வாரம் வலது முட்டி வெளிப்பக்கம் வலி. ஆபீஸ்ல ரெண்டு மாடி படி ஏற முடியல. பிசியோ பாத்தாங்க, அப்புறம் ஷூவக் கொண்டுவரச் சொல்லிப் பாத்தாங்க. மூணு வாரம் சைக்கிளும் கிடையாது, ஓட்டமும் கிடையாது.

"அடுத்தவன் ஷூ உனக்கு எப்படிப் பொருந்தும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். அவன் கால் குறுகல். சின்ன வயசுல பாதி நாள் வெறுங்காலோட திரிஞ்ச எனக்கு முன்பாதம் அகலம். அதனால கடையில என் அளவுக்கே ரெண்டு வகையும் போட்டுப் பாத்தேன். என் பட்ஜெட்டுல கிடைச்ச ட்ரை ஷூவுல குதிகால் அப்பவும் அசைஞ்சது. ரோட் ஷூவுல அகலப் பதிப்பு இருந்தது, கால் கச்சிதமா உக்காந்தது.

சாஃப்ட்வேர்காரன் ஆச்சே, கணக்கு போடாம விடுவேனா? மொட்டைமாடியில ஸ்டாப்வாட்ச்சோட, கால நனைச்சுக்கிட்டு பத்து தடவை போட்டுக் கழட்டினேன். நண்பனோட ட்ரை ஷூ சராசரி 21 செகண்ட், ரோட் ஷூ 38. வித்தியாசம் பதினேழு செகண்ட். நான் முடிக்கப் போறதே ஏழு மணி நேரத்துலதான், அதுவும் கடவுள் மனசு வெச்சா. இன்னொரு பக்கம், வாரத்துக்கு 150 கிலோமீட்டர்னு இருபது வாரப் பயிற்சி 3000 கிலோமீட்டர். போட்டியில ஓட்டறது 90. அந்த ஒருநாள் பதினேழு செகண்டுக்காக 3000 கிலோமீட்டரும் முட்டிய அடகு வெக்கணுமா?

ட்ரை ஷூ தண்டம்னு சொல்லல. ஒலிம்பிக் மாதிரி, முன்னாடி போறவர் பின்னால ஒட்டிக்கிட்டு ஓட்ட அனுமதி இருக்கற போட்டிகள்ல பத்து செகண்ட் லேட்டானா முன்வரிசைக் கூட்டம் கைவிட்டுப் போயிடும். அப்புறம் தனியா காத்தோட மல்லுக்கட்டணும். அதனாலதான் அவங்க ஷூவை பெடல்லயே மாட்டி, ரப்பர் பேண்டால நிமிர்த்தி வெச்சுட்டு, வெறுங்காலோட ஓடி வந்து தாவி ஏறறாங்க. நானும் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல தாவிப் பாத்தேன். வாட்ச்மேன் அண்ணன்தான் தூக்கி விட்டார். 70.3-ல் பின்னால ஒட்டறதே தப்பு, தண்டனை உண்டு. அங்க எனக்கு அந்தத் தாவல் எதுக்கு?

ஆக, முதல் ஜோடி வாங்கறவங்களுக்கு என் கருத்து: ரோட் ஷூ. ட்ரை ஷூவே உங்க காலுக்குக் கச்சிதமா அமைஞ்சா தாராளமா வாங்குங்க, ஆனா பெட்டி மேல 'ட்ரையத்லான்'னு போட்டிருக்குங்கறதுக்காக வாங்காதீங்க. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கினப்புறம் போட்டுப் பாருங்க. குதிகால் அசையக் கூடாது, விரல் அசையணும். க்ளீட்ல ஷிமானோ மஞ்சள் வாங்கினா 6 டிகிரி அசைவு கிடைக்கும், சிவப்புல அசைவே கிடையாது. முட்டி பத்திரம் மக்களே.

போன வாரம் புது ஷூவோட மறுபடி மாமல்லபுரம் போய்ட்டு வந்தேன். விரல் மரக்கல, முட்டி வலிக்கல. காலைல எட்டு மணிக்கு இட்லி சாப்பிடறப்போ நண்பன் கேட்டான், "பதினேழு செகண்ட எங்கடா பிடிப்ப?"

"நீ இட்லிக்கு மூணாவது சட்னி கேக்காம இருந்தாலே பிடிச்சுடலாம்டா"ன்னேன்.

டிஸ்கி: ட்ரை ஷூ கட்சிக்காரங்க பின்னூட்டத்துல தாராளமாக் கும்மலாம். ஆனா உங்க 90 கிலோமீட்டர் நேரத்தையும் சேர்த்துப் போடுங்க.