காய்ச்சல் போச்சு.. வலி போகலையே! மாசக்கணக்கில் முடக்கும் சிக்குன்குனியா

காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியலை. படி இறங்க முடியலை. காய்ச்சல் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. "இன்னுமா வலிக்குது?" என்று வீட்டிலேயே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

சிக்குன்குனியா வந்து போன பலருக்கும் இதே கதைதான். இது நடிப்பு அல்ல. அந்த நோயின் குணமே அதுதான்!

1952-ல் இன்றைய தான்சானியா பகுதியில் பரவியபோதுதான் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. அங்குள்ள மகோண்டே மொழியில் 'வளைந்து போவது' என்பதே பெயரின் அர்த்தம். கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2006-ல் தமிழ்நாட்டில் ஜனங்கள் குனிந்தபடி நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே புரியும். அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் வந்ததாகக் கணக்கு.

காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மூட்டுவலிதான் வில்லன். பலருக்கு சில வாரம், சிலருக்கு மாசக்கணக்கு, வருஷக்கணக்கிலும் நீடிக்கும். வயதானவர்கள், பெண்கள், ஏற்கனவே மூட்டுக்கோளாறு உள்ளவர்கள் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

கிருமியை ஒழிக்க தனி மருந்து கிடையாது. ஓய்வும் பாராசிட்டமாலும்தான். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், புரூபன் மாத்திரைகளைத் தொடக்கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு ஸ்டீராய்டு வாங்கிப் போடுவதும் வேண்டாம். வலி 3 மாசம் தாண்டினால், மூட்டு வீங்கினால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். கை, காலை மெதுவாக அசைத்துப் பழகுவது நல்லது.

சரி, வேலைக்குப் போகாத நாளுக்கு யார் கூலி தருவது?

இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், விதிகளுக்கு உட்பட்டு வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் வாங்கலாம். இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கொத்தனார், சித்தாள், வீட்டு வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. இருக்கு? அவர்களுக்கு மிச்சம் கந்துவட்டிதான்.

காய்ச்சல் வந்தவர்களை எண்ணினால் மட்டும் போதாது. எழுந்து நடக்க முடியாதவர்களையும் அரசு எண்ண வேண்டும்.

இந்தக் கொசு கடிப்பது பகலில். முட்டையிடுவது நம்ம வீட்டு டிரம்மில், பழைய டயரில். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள்.

கொசு கடிக்க ஒரு நொடி.. கூலி போவதோ மூணு மாசம்!