திண்ணைப் பேச்சும் திருவருளும்

மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் சாயரட்சை தரிசித்தபின், நாங்கள் முதியவர் ஐவர் சற்று அமர்ந்து பேசுவது வழக்கம். முழங்கால் வலி, பேரனின் தேர்வு, வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்னும் தீராத வழக்கு. இவையே எங்கள் சபையின் பொருள்கள். “கோயிலுக்குப் போயும் வீண்பேச்சா?” என்று என் இல்லாள் கடிந்துகொள்வதுண்டு.

எங்களுள் ஒருவர், மனைவியை இழந்த துயரில், வருவதையே நிறுத்திவிட்டார். நால்வரும் அவர் இல்லம் சென்றோம். நாங்கள் கூறிய ஆறுதல் மொழிகள் எங்களுக்கே வறட்சியாக ஒலித்தன. அப்போது மூத்தவர் மெல்லச் சொன்னார்: “ஓய், நீர் வராமையால் திருக்கணிதக் கட்சிக்கு ஆளே இல்லை. வாக்கியம் வென்றுவிட்டது.”

நண்பர் நிமிர்ந்தார். “அதெப்படி வெல்லும்?” என்றார். மறுநாள் மாலை வந்துவிட்டார்!

இத்தலத்தில்தான் திருஞானசம்பந்தப் பெருமான், மாண்ட பூம்பாவையை உயிர்ப்பித்தருளினார். அந்தப் பதிகத்தில் அவர் அவளுக்கு நிலையாமையை உபதேசிக்கவில்லை. ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என ஊர் மகிழும் விழாக்களைச் சொல்லியே அழைத்தார்.

அன்பர்களே, உங்கள் கோயில் மண்டபத்திலும் ஓரிடம் சில நாளாய் வெறுமையாக இருக்கிறதா? சென்று அழையுங்கள். உபதேசம் வேண்டா, ஊர்ச்செய்தி போதும்.