மீதிப் பிள்ளைகள்

பருத்திப்பட்டு ஏரி ஒருகாலத்தில் கழிவுநீர் சேர்ந்து கிடந்தது. 2019-ல் அது பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று கரையில் நடைபாதை உண்டு, மாலையில் காற்று வாங்க வருவோர் உண்டு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையின் இருபுறமும் அடுக்ககங்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும். வெற்று மனைகள் அருகிப்போன சென்னைப் புறநகரெங்கும் செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, விளக்கு பொருத்தி, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் 'டர்ஃப்' திடல்கள் முளைத்திருக்கின்றன. அவற்றை ஒட்டியே கால்பந்து அகாடமிகளும்.

அகாடமி என்ற சொல்லின் பூர்வீகம் ஏதென்ஸ் நகருக்கு வெளியே இருந்த ஒரு தோப்பு. பிளேட்டோ அங்கே பாடம் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அங்கே ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. ஆகவே பந்து உதைக்கும் இடத்துக்கு அப்பெயர் பொருந்தாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அப்பெயரைச் சூடிக்கொள்ளும் இடம் ஒரு பிள்ளையின் எட்டு, பத்து ஆண்டுகளைக் கையில் வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஈடாக எதைத் திருப்பித் தருகிறது என்று கேட்கலாம் அல்லவா? ஒரு கால்பந்து அகாடமியை அது உருவாக்கிய நட்சத்திரத்தை வைத்து அளக்கக் கூடாது, நட்சத்திரமாகாமல் திரும்பிய மீதிப் பிள்ளைகளை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது நமது கட்சி.

சென்னைக் கால்பந்தின் கதையை அறிய, சென்ட்ரலில் இருந்து ஆவடி செல்லும் புறநகர் ரயில்பாதையைப் பின்தொடர்ந்தால் போதும். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி. வழிநெடுகத் தொழிற்சாலைகள். பெரம்பூரில் 1955-ல் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. அறுபதுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. இவை வெறும் வேலையிடங்களாக இருக்கவில்லை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், இந்தியன் வங்கி என்று நிறுவனங்கள் தத்தம் பெயரில் அணி வைத்திருந்தன. இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக் வரை சென்று ஆடியது. நன்றாக ஆடும் பையனுக்கு 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'வில் வேலை கிடைக்கும். முப்பது வயதில் கால் தளர்ந்தாலும் மேசையும் நாற்காலியும் காத்திருக்கும், கடைசியில் ஓய்வூதியமும் வரும். அந்த ஏற்பாட்டில் கால்பந்தின் தரம் உயர்ந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் ஒரு கூலித் தொழிலாளி தன் மகன் பந்தின் பின்னால் ஓடுவதைப் பொறுத்துக்கொள்ள அதில் ஒரு நியாயம் இருந்தது.

பிறகு நிறுவன அணிகள் மெல்ல ஒதுங்கின, தொழில்முறைக் கழகங்கள் முன்னுக்கு வந்தன. இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியது. சென்னையின் எஃப்.சி. 2015-லும், 2018 மார்ச்சில் முடிந்த பருவத்திலும் கோப்பையை வென்றது. சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19 பருவத்தின் ஐ-லீகை வென்றது. இவ்வெற்றிகளின் வெளிச்சத்தில்தான் இன்றைய அகாடமிகள் பிறந்தன. மேசை நாற்காலிக்குப் பதிலாகத் தொலைக்காட்சியில் தெரியும் முகம் இப்போது வாக்குறுதி ஆயிற்று.

இந்த வாக்குறுதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூப்பர் லீகில் 14 அணிகள். ஓர் அணிக்கு ஏறக்குறைய 25 இந்திய ஆட்டக்காரர்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 350 இடங்கள்தாம். 140 கோடிப் பேர் கொண்ட நாட்டுக்கு 350. அந்த இடங்களும் ஆண்டுதோறும் காலியாவதில்லை. ஒருவர் பத்தாண்டு ஆடினால், அந்த இடம் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும். அப்படியானால் ஆண்டுக்கு முப்பது நாற்பது புதியவர்களுக்கு மட்டுமே இந்தியா முழுமைக்கும் வாய்ப்பு. ஒரே புறநகரில் காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையே இதைத் தாண்டிவிடும்.

அந்த ஏணியின் உச்சியாவது உறுதியானதா? 2025 ஜூலையில், உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில், அவ்வாண்டின் சூப்பர் லீக் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. பருவம் பல மாதங்கள் தள்ளிப் போயிற்று. சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட கழகங்கள் தம் செயல்பாடுகளை நிறுத்திவைத்தன. ஐ-லீகை வென்ற சென்னை சிட்டியோ, வெற்றிக்குப் பின் ஒருசில ஆண்டுகளிலேயே தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்துவிட்டது. உச்சிக்குப் போனவர்களுக்கே இந்தக் கதி என்றால், நடுவழியில் இறக்கிவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி யார் கவலைப்படுவது?

இங்கே வியாசர்பாடியைக் குறிப்பிட வேண்டும். உமாபதியும் தங்கராஜும் தங்கள் பகுதிப் பிள்ளைகளைத் திரட்டி, இருபதாண்டுகளுக்கும் மேலாக அங்கே கால்பந்து கற்பித்துவந்திருக்கிறார்கள். அவர்கள் அமைத்த சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள்: குடிசைப்பகுதிக் குழந்தைகளின் விளையாட்டுத் திறன் மற்றும் கல்வி வளர்ச்சிச் சங்கம். அகாடமி என்ற சொல் அதில் இல்லை, கல்வி என்ற சொல் இருக்கிறது. அங்கிருந்துதான் சென்னையின் அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய தனபால் கணேஷ் வந்தார். செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின, எழுதட்டும். ஆனால் அந்தச் சங்கத்தின் பெருமைக்கு அவர் ஒருவரே சான்று என்றால் நாம் அதைத் தவறாகப் படிக்கிறோம் என்று பொருள். காவல்துறை வழக்குகளோடும் கும்பல் சண்டைகளோடும் மட்டுமே பேர் சேர்த்துப் பேசப்பட்ட ஒரு பகுதியில், மாலை நேரத்தில் பையன்கள் போய் நிற்க ஓரிடம் இருந்தது. அங்கே அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க ஓர் ஆள் இருந்தார். நூறு பேரில் ஒருவர் கணேஷ் ஆனார். மற்றவர்கள் பள்ளியை விடாமல் படித்தார்களா, வேலைக்குப் போனார்களா என்பதில்தான் அச்சங்கத்தின் உண்மையான மதிப்பு அடங்கியிருக்கிறது.

பெண்கள் பக்கம் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்த பெண்களில், 2004 ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீகை வென்றது. ஆண்கள் அணிகளுக்குக் கிடைத்த பணத்திலும் கவனத்திலும் ஒரு சிறு பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இவர்களைத் தாங்கியவை அரசு வேலையும் கல்லூரி இடமும்தாம். விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் மாநில அரசு தரும் 3 விழுக்காடு இடஒதுக்கீடு, பழைய 'கோட்டா'வின் நியாயம் இன்னும் செத்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. புறநகர் அகாடமிகளின் விளம்பரப் பலகைகளில் ஒரு பெண் குழந்தையின் படத்தைத் தேடிப் பாருங்கள். எத்தனை பலகைகளில் கிடைக்கிறது?

நம்மை மறுத்துச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக் கழிக்க முடியாது. திறமை என்பது சமமாகப் பங்கிடப்பட்ட சரக்கு அல்ல. சிறந்தவர்களைச் சிறுவயதிலேயே பிரித்தெடுத்து, ஒன்றாக வைத்து, நல்ல உணவும் நல்ல பயிற்சியும் தந்தால்தான் ஒரு நாடு கால்பந்தில் தலைநிமிரும். ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி 1987-ல் அதற்காகத்தான் தொடங்கப்பட்டது. புவனேஸ்வரில் ஃபிஃபாவின் துணையோடு 2023 நவம்பரில் ஓர் அகாடமி திறக்கப்பட்டதும் அதற்காகவே. எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் தர்மசத்திரத்தால் உலகக் கோப்பைக்குப் போக முடியுமா என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் பன்னிரண்டு வயதில் சிறந்தவர் யார் என்பதைக் கண்டறிய முடியும் என்ற நம்பிக்கையில்தான் கோளாறு. வயதுப் பிரிவு ஜனவரி 1 முதல் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் எடையிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். தேர்வாளரின் கண் பெரிய பையனைத்தான் எடுக்கிறது. எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி கிடைப்பதால் அவன் மேலும் சிறக்கிறான், தேர்வு சரிதான் என்று அதுவே நிரூபணமும் ஆகிவிடுகிறது. பல நாடுகளில் இது ஆராயப்பட்டிருக்கிறது. ஆண்டின் முற்பாதியில் பிறந்தவர்களே இளையோர் அணிகளில் மிகுந்திருக்கிறார்கள். நம் நாட்டில் இதோடு பொய்ப் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைக் கணிக்கிறார்கள். இத்தனை சல்லடைகளுக்குப் பிறகும், குள்ளமாக இருந்ததால் பன்னிரண்டில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவன் பதினாறில் யாரும் எதிர்பாராத ஆட்டக்காரனாக எழக்கூடும். அதற்கு அவன் நான்காண்டுகள் ஏதோ ஒரு திடலில் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மீதிப் பிள்ளைகளைக் காப்பது கருணை மட்டும் அல்ல, கால்பந்துக்கும் அதுவே இலாபம்.

2017-ல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், இந்திய அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூரிகள். இந்தியாவின் ஒரே கோலை அடித்த ஜீக்சன் சிங்கும் மணிப்பூரிதான். மக்கள்தொகையில் மிகச் சிறிய அம்மாநிலம் இதைச் சாதித்ததற்கு ஓர் அகாடமி காரணமல்ல. அங்கே ஊர்தோறும் மைதானமும், அதில் ஆடும் ஊர்க் கழகமும் இருக்கின்றன. அகாடமிகள் அந்த மண்ணிலிருந்துதான் அறுவடை செய்கின்றன.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, மாற்றுத் தொகையில் 5 விழுக்காட்டை, 12 முதல் 23 வயதுவரை அவருக்குப் பயிற்சி தந்த கழகங்களுக்குப் பகிர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. மாற்றுத் தொகை ஒரு கோடி என்றால் 5 இலட்சம். அதில் 12 முதல் 15 வயதுவரையிலான நான்காண்டுகளுக்கு உரியது ஒரு இலட்சம். சிறு தொகைதான், ஆனால் வியாசர்பாடி போன்ற இடத்துக்கு நூறு பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கப் போதுமானதாக இருக்கும். இந்தப் பங்கைப் பெற, கழகம் சங்கத்தில் முறைப்படி இணைந்திருக்க வேண்டும், பிள்ளையின் பெயர் ஆண்டுதோறும் பதிவாகியிருக்க வேண்டும். டர்ஃபில் மாதக் கட்டணம் வாங்கிப் பயிற்சி தந்து, சீருடையில் படம் எடுத்து அனுப்பும் இடங்களில் எத்தனை அப்படிப் பதிவு செய்கின்றன? பதிவு செய்யாத இடத்தில் பிள்ளையின் கால்பந்து வாழ்க்கைக்குத் தடயமே இல்லாமல் போகிறது.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கட்டணம் செலுத்தட்டும். என் பிள்ளையின் பெயரை எந்தக் கழகத்தின் பேரில் பதிவு செய்வீர்கள்? ஆண்டில் எத்தனை லீக் ஆட்டங்களில் அவன் அல்லது அவள் ஆடுவாள்? ஐந்தாண்டுகளுக்கு முன் உங்களிடம் சேர்ந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? மூன்றாம் கேள்விக்குப் பதிலாகச் சுவரில் மாட்டிய ஒரே ஒரு படத்தைக் காட்டினால், மற்றவர்களின் கதையையும் கேளுங்கள்.

அரசிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. ஓர் ஏரியைத் தூர்வாரி மக்களுக்குத் திறந்துவிட முடிந்த நிர்வாகத்தால், அதே பகுதியின் அரசுப் பள்ளி மைதானங்களை மாலை ஐந்து முதல் ஏழு வரை திறந்துவைத்து, ஒரு விளக்கும் ஒரு பயிற்சியாளரும் தருவது முடியாத காரியமா? மணிக்கணக்கில் வாடகை கொடுக்க முடியாத பிள்ளைக்கு வேறு போக்கிடம் இல்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். அல்ஜியர்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த ஆல்பெர் காம்யு, ஒரு கழகத்தின் இளையோர் அணிக்குக் கோல்கீப்பராக இருந்தார். பதினேழு வயதில் காசநோய் வந்தது, ஆட்டம் அத்தோடு முடிந்தது. கால்பந்தின் கணக்கில் அவரும் ஒரு மீதிப் பிள்ளைதான். படிக்கவைக்க ஓர் ஆசிரியர் இருந்தார், போக ஒரு பள்ளி இருந்தது. அதனால் அவர் தப்பினார். ஆவடி ரயிலில் தோளில் பூட்ஸைத் தொங்கவிட்டு வீடு திரும்பும் பையன்களுக்கும் அந்த இரண்டும் இருக்க வேண்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.