வாங்கிய பொருளா, வாடகைப் பொருளா?

பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் பித்தளை என்று சொல்லித் திரிபவன் அல்லன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விடுதியில் என்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சு உண்டு. இரவு உணவு முடிந்து என் அறைப் பக்கம் வரும் தம்பிமார்கள், கணிப்பொறித் திரையில் மேரியோ குதித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், “அண்ணா, இன்னுமா இதையே விளையாடுகிறீர்கள்?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு விடைதான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது மதுரையில் மாமா ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். ஜப்பானின் நின்டென்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த போலி அது. கூடவே ஒரு மஞ்சள் நிறக் கேசட்டு. அதன் மேல் ‘9999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு தேறும். மற்றவை அவற்றின் மறுபிறவிகள். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிச் செருகுவோம். ஊதியதால் வந்ததோ, செருகியதால் வந்ததோ, படம் வந்துவிடும். அன்று பிடித்த பித்து, ஆராய்ச்சி மாணவனாகித் தில்லிக் குளிரில் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கும் இன்றுவரை என்னை விடவில்லை.

பழைய விளையாட்டுகளிடம் நான் கண்ட சிறப்பு என்ன? சிக்கனம். 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. நம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் போதாமையால், வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். முப்பது முறை பார்த்தவனுக்கும் இது தெரியாது. விளையாடும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை. முதல் திரையில் ஒரு சிறு பகைவன் எதிரே வருகிறான். குதித்தால் பிழைப்பாய், நின்றால் சாவாய். பாடம் முடிந்தது.

1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் பகைவர் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வருவர். தொடக்கத்தில் இது திட்டமிட்டதன்று. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தக் காலத்துப் பொறி தானாகவே வேகம் பெற்றது. அதை ஆக்கிய தோமோஹிரோ நிஷிகாடோ அந்தக் குறையையே குணமாக்கி அப்படியே விட்டுவிட்டார். வறுமையிலும் செம்மை என்பது இதுதான்.

ஆயினும் பழையவற்றின் குறைகளை மறைக்க மாட்டேன். கடைகளில் நின்ற காசு போடும் பெட்டிகள் நம்மை விரைவில் சாகடிக்கவே படைக்கப்பட்டவை. நாம் செத்தால்தானே அடுத்த காசு விழும்! பல விளையாட்டுகளில், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வழி கிடையாது. கடைசிக் கட்டத்தில் மின்சாரம் போனால் அழுதுகொண்டே தூங்க வேண்டியதுதான்.

புதியவற்றின் பெருமையையும் குறைத்துக் கூற மாட்டேன். 2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ விளையாட்டில், தொலைவில் ஒரு மலை தெரிந்தால் நடந்து சென்று அதன் உச்சியில் ஏறலாம். 2016இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’யைப் படம், இசை, கதை, கணிப்பொறி நிரல் எல்லாமாக எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கினார். கை வேகம் போதாதவர்களும் முடிக்கும் வண்ணம், 2018இல் வந்த ‘செலஸ்ட்’ விளையாட்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள இடம் தருகிறது. இந்தக் கருணை என் மஞ்சள் கேசட்டுக்கு இருந்ததில்லை.

அப்படியானால் என் குறைதான் என்ன? வயதைப் பற்றியதன்று, உடைமையைப் பற்றியது.

சென்ற பருவத்தில் நம் விடுதித் தம்பி ஒருவர் முகம் வாடி வந்தார். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு விளையாட்டை வாங்கி, அதற்குள்ளும் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துச் சேர்த்திருந்தார். ஒருநாள் நிறுவனம், “நன்றி, வணக்கம். அடுத்த மாதத்தோடு சர்வரை நிறுத்துகிறோம்” என்றது. சர்வர் என்றால் காபி கொண்டுவருபவர் அல்லர்; விளையாட்டைத் தொலைவிலிருந்து இயக்கும் கணிப்பொறி. அது நின்றதும் தம்பியின் கைபேசியில் எஞ்சியது ஒரு சின்னப் படம், தொட்டால் திறக்காது. “நான் வாங்கியதுதானே அண்ணா?” என்றார். இல்லை தம்பி, நீங்கள் வாடகைக்கு இருந்தீர்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இது ஒருவர் கதையன்று. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு, 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டதும் அடியோடு இயங்காமற் போயிற்று. தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே கதி. கலிபோர்னியா மாநிலம் அந்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றியது. விற்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்று விளம்பரம் செய்யலாகாது என்பது அதன் கருத்து. ஐரோப்பாவில் ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்’ என்ற முறையீட்டில் 2025இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

“காலமெல்லாம் சர்வரை நடத்த யாரிடம் பணம் இருக்கிறது?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. காலமெல்லாம் நடத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடையை மூடும் நாளில், இணையமின்றி ஆடும் வடிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறோம். அது முடியாத செயலும் அன்று. கண்டனம் எழுந்தபின், அதே பந்தய விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு அத்தகைய வழி செய்வதாக அதே நிறுவனம் 2024இல் அறிவித்ததே!

‘விளையாட்டுத்தானே, போனால் போகட்டும்’ என்பாரும் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள்.

ஒன்று: 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆய்ந்து கூறியது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததை நாம் அறிவோம். சுவடியைச் செல் அரித்தாலும் மிச்சம் மீதி இருந்தது. தேடிப் போனவருக்குக் கிடைத்தது. சர்வரை நிறுத்தினால் மிச்சம் ஏது?

இரண்டு: 1989இல் வந்த நின்டென்டோ ‘டெட்ரிஸ்’ விளையாட்டில் மனிதர் எவரும் எட்டாத ஓர் எல்லையை, விளையாட்டே மேலே நகர முடியாமல் உறைந்து நிற்கும் இடத்தை, 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் எட்டினான். வயது 13. அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே வெளிவந்த விளையாட்டு அது. கேசட்டு யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை. ஆகவே அவனால் முடிந்தது. இன்று நாம் விளையாடுவனவற்றில் எத்தனையை 2060இல் ஒரு சிறுவன் திறந்து பார்க்க முடியும்?

நம்மவர் கதை சொல்லும் விளையாட்டு ஒன்றும் உண்டு. கனடாவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’. டொராண்டோவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கிறாள். நோட்டு கிழிந்து, வரிகள் அழிந்திருக்கின்றன. அழிந்த வரி எதுவாக இருக்கும் என்று எண்ணி நாம்தான் சமைக்க வேண்டும். 2024இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்பு என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. கிழிந்த நோட்டிலாவது பாதி வரி இருந்தது. அதைக் கொண்டு ஒரு தாயின் கைமணத்தை மீட்க முடிந்தது. நோட்டையே யாரோ தொலைவிலிருந்து அழித்திருந்தால்?

ஆகவே நண்பர்களே, பழையதா புதியதா என்று சண்டையிடுவதை நிறுத்துவோம். ஒரு விளையாட்டை வாங்கும் முன் ஒரே கேள்வி கேட்போம்: இணையத்தைத் துண்டித்தால் இது ஓடுமா? ஓடுவதாக இருந்தால், அதற்குத் தயங்காமல் காசு கொடுப்போம். ஓடாது என்றால், வாடகை என்று தெரிந்தே கொடுப்போம், அளவோடு கொடுப்போம். நம்மிடையே சட்டம் பயில்வோர் இருக்கிறார்கள். நூலகவியல் பயில்வோர் இருக்கிறார்கள். நாளை விளையாட்டுகளை ஆக்கப்போகிற கணிப்பொறி மாணவர்களும் இருக்கிறார்கள். ஆக்கும்போதே மூடும் நாளையும் நினைத்து ஆக்குங்கள் என்பதே அவர்களுக்கு என் வேண்டுகோள்.

இன்னொன்று. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் வீட்டுப் பரணில் ஒரு முறை தேடிப் பாருங்கள். மஞ்சள் கேசட்டு ஏதேனும் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் இங்கே கொண்டு வாருங்கள். நம் சங்க அறையில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது. ஊதிச் செருகிப் பார்ப்போம்.