கடவுள் வெளியேறினாராம்!

கி.மு. 586-வாக்கில் எருசலேம் கோவிலைப் பாபிலோனியர் கொளுத்தினார்கள். சர்வ வல்லமையுள்ள கடவுள் ஏன் காக்கவில்லை என்றால், ஜனங்களின் பாவத்துக்காக அவர் மகிமை முன்பே கோவிலை விட்டுக் கிழக்கே மலைக்குப் போய்விட்டதாம்! எசேக்கியேல் ஆகமம் சொல்லுகிறது. தண்டனையில் குழந்தைகளையும் விடக்கூடாதென்றே கட்டளையாம். பால் குடிக்கும் பிள்ளை என்ன பாவம் செய்தது?

நிற்க, இதே கணக்கு நம் மயிலாப்பூரிலும் நடக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது சாந்தோம் கோவில் தப்பியதற்குத் தோமையார் நட்ட கம்பமே காரணம் என்றார்கள். அருகேயுள்ள சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அது யார் குற்றம்? வேளாங்கண்ணியிலும் கோவில் தப்பியது. கும்பிட வந்தவர்களோ மாண்டார்கள். கோவில் அழிந்தாலும் நின்றாலும் கடவுளுக்குப் பழியில்லை; செத்தவன்தான் பாவி! இது என்ன நியாயமென்று கேட்கிறோம். 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வைத்தார்களே, எந்தக் கம்பத்தை நம்பி?